நான்கு மணி நேரச் சாலைக்கு யாருடைய பணம்?

நியூயார்க்கில் மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் ஃபைவ் பரோ சைக்கிள் பயணத்தின் கடைசிப் பகுதியில் வெரசானோ நேரோஸ் பாலம் வருகிறது. மற்ற நாள்களில் அந்தப் பாலத்தில் சைக்கிள் ஏற முடியாது; கார்களுக்கும் லாரிகளுக்கும் மட்டுமே வழி. 64 கிலோமீட்டர் பயணத்தில் பெரும்பகுதியை மிதித்து முடித்து, கால் சோர்ந்த நேரத்தில் அந்த ஏற்றம் தொடங்கும். சென்ற முறை நான் போனபோது, பாலத்தின் நடு உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு முதியவர் சைக்கிளை விட்டு இறங்கி, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதவி வேண்டுமா என்று கேட்டேன். முப்பது ஆண்டுகளாக இந்தப் பாலத்தில் டாக்சி ஓட்டியிருப்பதாகவும், இங்கே காற்று இப்படி வீசும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். அவர் முதுகில் எண் அட்டை இருந்தது. எண்ணுக்கு மேலே, பயணத்துக்குப் பணம் தரும் வங்கியின் பெயர் இருந்தது.

அந்தக் காற்றுக்கு விலை என்ன, அதை யார் கொடுப்பது என்ற கேள்வி இப்போது எங்கள் ஊர் மன்றத்தின் முன் வந்திருக்கிறது. நான் வசிக்கும் நியூ ஜெர்சி நகரத்தின் சைக்கிள் மன்றம், அடுத்த ஆண்டு ஒரு ஞாயிறு காலையில் ஆற்றோரச் சாலையை நான்கு மணி நேரம் வாகனங்களுக்கு மூடி, கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு கூட்டுப் பயணம் நடத்த விரும்புகிறது. ஒரு வங்கி தன் பெயரைப் பயணத்தின் பெயரோடு சேர்த்தால் மூன்று ஆண்டுகளுக்குப் பணம் தருவதாகச் சொல்கிறது. உறுப்பினர்களில் ஒரு சாரார் அதை உடனே ஏற்க வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார் எந்த நிறுவனத்தின் பணமும் வேண்டாம், கட்டணமே போதும் என்கிறார்கள். நகராட்சியே செலவை ஏற்று அனைவருக்கும் இலவசமாக நடத்தட்டும் என்ற குரலும் உண்டு. இந்த வழிகளை, அவற்றை உண்மையில் நடத்திப் பார்த்த நகரங்களின் அனுபவத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டது.

ஒப்பிடுவதற்கு முன் செலவைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மன்றத்தில் நடந்த வாதங்களில் பாதி இரண்டு வகைச் செலவுகளைக் குழப்பிக்கொண்டதால் வந்தவை. முதல் வகை, ஐந்நூறு பேர் வந்தாலும் ஐயாயிரம் பேர் வந்தாலும் பெரிதாக மாறாதது: ஒவ்வொரு குறுக்குத் தெரு முனையிலும் நிற்க வேண்டிய காவலர்களின் கூடுதல் நேரச் சம்பளம், தடுப்புகளை முன்னிரவில் இறக்கி வைத்துப் பிறகு ஏற்றிச் செல்லும் லாரிகள், ஆம்புலன்ஸ், பொறுப்புக் காப்பீடு, அனுமதிக் கட்டணம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சாலை மூடப்படாது. இரண்டாம் வகை, கூடினாலும் குறைந்தாலும் பயணம் நடக்கக்கூடியது: டி-ஷர்ட், வாழைப்பழம், இசைக் குழு, முடிவிடத்தில் போடும் பந்தல். யாருடைய பணம் எந்த வகைக்குப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு பயணம் பத்தாண்டு நிலைக்குமா, மூன்றாம் ஆண்டில் நின்றுபோகுமா என்பது தீர்மானமாகிறது என்று நான் கருதுகிறேன்.

பணம் தரும் நிறுவனத்தின் பெயரை நிகழ்ச்சியின் பெயரோடு சேர்க்கும் டைட்டில் ஸ்பான்சர் முறையின் வலுவான எடுத்துக்காட்டு ஃபைவ் பரோ பயணமே. 1977-இல் ஏறத்தாழ 250 பேரோடு தொடங்கியது, இன்று சுமார் 32,000 பேர் கலந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. டிடி வங்கியின் பெயரைப் பல ஆண்டுகளாகத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருக்கிறது. நடத்துவது பைக் நியூயார்க் என்னும் லாப நோக்கமற்ற அமைப்பு; பயணத்தில் மிஞ்சும் பணத்தைக் கொண்டு அது குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இலவசமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தருகிறது. ஐம்பது வயதில் முதல் முறையாகப் பெடல் மிதிக்கும் பெண்கள் அந்த வகுப்புகளில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வங்கியின் விளம்பரச் செலவு கடைசியில் அந்தப் பெண்களிடம் போய்ச் சேர்கிறது என்றால், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இவ்வளவு பெரிய ஸ்பான்சர் இருந்தும் கட்டணம் நூறு டாலரைத் தாண்டிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். காரணம் முதல் வகைச் செலவுதான். 2013-இல் நியூயார்க் நகரம் போக்குவரத்துக் காவலுக்காகப் பத்து லட்சம் டாலரைத் தொடும் தொகையை அமைப்பாளர்களிடம் கேட்டது. தர்ம நோக்கமுள்ள நிகழ்ச்சிகளுக்கு விதிவிலக்கு உண்டு. இது அந்த வகையில் சேராது என்பது காவல்துறையின் நிலை. அமைப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள், மாநில நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு மறுபக்கம் போயிருந்தால் எந்த வங்கியின் ஒப்பந்தமும் அந்தத் தொகையை அந்த ஆண்டே ஈடுகட்டியிருக்காது. 2024-இல் இதே பாலத்துக்காக நியூயார்க் மாரத்தான் அமைப்பாளர்களிடம், சுங்க வசூல் இழப்பு என்று சொல்லி ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழரை லட்சம் டாலரைப் போக்குவரத்து ஆணையம் கேட்டது. ஆளுநர் தலையிட்ட பிறகே அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டது. எனவே ஸ்பான்சர் கிடைத்துவிட்டால் பணக் கவலை தீரும் என்று மன்றத்தில் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. சாலையின் விலையை நிர்ணயிப்பவர் சாலையை வைத்திருப்பவர். அவரோடு எழுத்தில் உடன்பாடு எட்டாமல் வங்கியோடு பேசுவது, நிலத்தை வாங்காமல் வீட்டுக்கு வர்ணம் தேர்ந்தெடுப்பதைப் போன்றது.

சிகாகோவில் 2002 முதல் ஏரிக்கரை விரைவுச் சாலையை மூடி நடத்தப்படும் பைக் த டிரைவ் பயணமும் இதே முறையில் வந்ததுதான். விடியற்காலையில் தொடங்கி முற்பகலுக்குள் முடிந்துவிடும். வடக்கும் தெற்குமாக 30 மைல் சுற்று, ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி, மறுபக்கம் உயர்ந்த கட்டடங்கள். சைக்கிள் ஓட்டுபவர்களுக்காகவும் நடப்பவர்களுக்காகவும் வாதாடும் அமைப்பு ஒன்று அதை நடத்தித் தன் ஆண்டுச் செலவுக்கு நிதி திரட்டுகிறது. அதன் பெயருக்கு முன்னால் எம்பி ஃபைனான்ஷியல் என்ற வங்கியின் பெயர் இருந்தது. 2019-இல் அந்த வங்கியை ஃபிஃப்த் தேர்ட் வங்கி தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகு அந்த இடத்தில் புதிய பெயர் வந்தது. பயணத்தில் எதுவும் மாறவில்லை, சாலை மாறவில்லை, ஏரி மாறவில்லை. வங்கிகளின் வியாபாரம் மாறியதால் மக்கள் சொல்லும் பெயர் மாறியது. நம் ஊரில் பிள்ளைகள் வளர்ந்து, சின்ன வயதில் கலந்துகொண்ட பயணத்தை எந்தப் பெயரால் நினைவுகூர்வார்கள் என்பது கணக்குப் புத்தகத்தில் வராத கேள்விதான். ஆனாலும் அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

லண்டனின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 2012 ஒலிம்பிக் போட்டிகளின் தொடர்ச்சியாக 2013-இல் ரைட்லண்டன் தொடங்கியது. நகர மையத்தில் வாகனங்களை நிறுத்தி யாரும் இலவசமாக ஓட்டக்கூடிய ஒரு வட்டம், அதோடு பதிவுக் கட்டணம் செலுத்தி 100 மைல் ஓட்டும் பயணம் என்று இரண்டும் ஒரே வார இறுதியில் நடந்தன. இந்த இணைப்பு மிக நல்ல யோசனை என்பது என் கருத்து. கட்டணம் கொடுக்க முடிந்தவர்களும் அறக்கட்டளைகளுக்கு நிதி திரட்டித் தருபவர்களும் பெரிய பயணத்தில் இடம் பெற்றார்கள். மூன்று சக்கர சைக்கிளில் வந்த குழந்தைக்கும் டிராஃபல்கர் சதுக்கத்தின் ஓரத்தில் இடம் இருந்தது. அறக்கட்டளைகளுக்கு அதன் மூலம் ஏழு கோடி பவுண்டுக்கும் மேல் சேர்ந்தது.

முதலில் புருடென்ஷியல் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் பெயரை அது தாங்கியிருந்தது. பெருந்தொற்றால் 2020-இலும் 2021-இலும் நடக்காமல், 2022-இல் திரும்பி வந்தபோது ஃபோர்டு கார் நிறுவனத்தின் பெயர் முன்னால் இருந்தது. கார் ஓட்டுபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் சாலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று அந்த நிறுவனம் முன்பே பிரசாரம் செய்திருந்ததை மறுப்பதற்கில்லை. எனினும் கார் இல்லாத சாலையின் மகிழ்ச்சியை மக்களுக்குக் காட்டுவதற்காக நடத்தப்படும் ஒரு நாளில், அந்த மகிழ்ச்சிக்குக் கார் விற்பவரின் பெயரைச் சூட்டினால், மற்ற 364 நாள்களைப் பற்றி அமைப்பாளர் வாய் திறக்க முடியாமல் போகும் என்று பல சைக்கிள் ஆர்வலர்கள் வருந்தினார்கள். அவர்கள் வருத்தம் எனக்கும் உண்டு. நம் மன்றம் நாளைக்கே ஆற்றோரச் சாலையில் நிரந்தரச் சைக்கிள் பாதை வேண்டும் என்று நகராட்சிக் கூட்டத்தில் பேச வேண்டி வரும்; அப்போது நம் மார்பில் யார் பெயர் இருக்கிறது என்பதை எதிர்த்தரப்பு நிச்சயம் சுட்டிக்காட்டும்.

லண்டனில் பணத்தைவிடக் கடினமான இன்னொரு பிரச்சினையும் இருந்தது. நீண்ட பயணம் முதலில் சரே மாவட்டத்துக் கிராமச் சாலைகள் வழியாகச் சென்றது. ஒரு ஞாயிறு முழுவதும் வீட்டிலிருந்து கார் எடுக்க முடியாத மக்களின் எதிர்ப்பு ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, மாவட்டமே இனி இடம் தர மறுத்தது. பிறகு எசெக்ஸ் பக்கம் போனார்கள். 2025-இல் நிகழ்ச்சியே நடக்கவில்லை. ஸ்பான்சரின் பணத்தால் அண்டை வீட்டாரின் சம்மதத்தை வாங்க முடியாது. கட்டணப் பயணத்தை மட்டும் நடத்தும்போது மூடிய சாலையின் நன்மை வெளியூரிலிருந்து பணம் கட்டி வந்தவருக்கும், தொல்லை அந்தத் தெருக்காரருக்கும் போகிறது. எங்கள் திட்டத்தில் ஆற்றோரக் குடியிருப்புக்காரர்களுக்குக் கட்டணம் இல்லை என்று சேர்க்கச் சொல்லி நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஸ்பான்சர் முழுச் செலவையும் ஏற்று, மக்களிடம் ஒரு காசும் வாங்காத முறைக்குப் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்து ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் தடங்கள் சரியான பாடம். 2009-இல் சில பூங்காக்களை இணைக்கும் குறுகிய தடமாகத் தொடங்கி, பின்னர் நூறு கிலோமீட்டருக்கும் மேல் விரிந்தது. சாலை முழுவதையும் மூடாமல், ஒரு ஓரத்தைக் கூம்புகளால் பிரித்து, ஒவ்வொரு சந்திப்பிலும் கொடியோடு ஆள் நிற்க, காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை நடக்கும். செலவைப் பிராடெஸ்கோ என்ற வங்கிக் குழுமத்தின் காப்பீட்டு நிறுவனம் ஏற்றிருந்தது. பத்தாண்டு கழித்து, 2019-இல், அந்த ஆதரவு முடிந்தது. முடிந்த உடனே கூம்புகளும் நின்றன, கொடி பிடித்தவர்களும் நின்றார்கள். 2020-இன் நடுவில் ஊபர் நிறுவனம் பொறுப்பேற்ற பிறகே மீண்டும் தொடங்கியது. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு போய்ப் பழகிய ஒரு நகரத்தின் வழக்கம், ஓர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து புதுப்பிக்கப்படாததால் மாதக்கணக்கில் இல்லாமல் போனது. நிறுவனத்தைக் குறை சொல்ல இதில் இடமில்லை; பத்தாண்டு கொடுத்தது பெரிய காரியம். அங்கே முதல் வகைச் செலவு முழுவதும் ஒரே பணப்பையில் வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் குறை.

நகரமே நடத்துவது என்றால் கொலம்பியாவின் போகோட்டாவைப் பார்க்க வேண்டும். 1974-இல் தொடங்கி, இரண்டாண்டுகளில் அரசாணை பெற்ற சிக்லோவியா, ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் காலை 7 முதல் பிற்பகல் 2 வரை நூற்றிருபது கிலோமீட்டர் அளவிலான சாலைகளைக் கார்களிடமிருந்து வாங்கி மக்களிடம் கொடுக்கிறது. நடத்துவது நகரத்தின் விளையாட்டு, பொழுதுபோக்குத் துறை. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, இதற்கு ஒரு பயனாளிக்கு ஆண்டுக்கு 6 டாலர் செலவாகிறது என்றும், செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மூன்று முதல் நான்கு டாலர் வரை மருத்துவச் செலவு மிச்சமாகிறது என்றும் கணக்கிட்டது. ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப நடப்பதால்தான் இந்தக் கணக்கு சாத்தியமாகிறது. தடுப்புகளும் ஆள்களும் பழக்கமும் ஒவ்வொரு வாரமும் பயன்படுகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை நான்கு மணி நேரம் மூடினால் அதே தடுப்புகளின் செலவு ஒரே நாளின் தலையில் விழும். நியூயார்க் நகரமே 2008 முதல் ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் பார்க் அவென்யூவை மூடி, சம்மர் ஸ்டிரீட்ஸ் என்று இலவசமாக நடத்துகிறது. 2023-இல் அதை நகரத்தின் ஐந்து பரோக்களுக்கும், அதாவது ஐந்து பெருவட்டங்களுக்கும், விரித்தது. மனத்தளவில் எனக்குப் பிடித்தது இந்த வழிதான். ஆனால் எங்கள் நகராட்சியில் இதற்கென்று ஒரு துறையும் இல்லை, ஓர் அலுவலரும் இல்லை. நகராட்சி முன்வரும்வரை காத்திருப்பது என்று முடிவெடுத்தால், நடத்தாமல் விடுவது என்று முடிவெடுத்ததாகவே ஆகும்.

கட்டணம் மட்டும் என்ற வழியில் தன்மானம் இருக்கிறது, யாருக்கும் கடமைப்பட வேண்டியதில்லை. அதன் பலவீனம் மழையும் காற்றும். 2017 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் சைக்கிள் பயணம், முதல் குழுக்கள் கிளம்பிய பிறகு, ஓட்டுபவர்களை சைக்கிளோடு தூக்கிப் போடும் காற்றால் நிறுத்தப்பட்டது. அந்த நேரத்தில் செலவு அனைத்தும் முடிந்திருக்கும், திருப்பித் தர எதுவும் இருக்காது. பல்லாண்டு இருப்புள்ள பெரிய அமைப்பு அதைத் தாங்கும். முதல் ஆண்டு மன்றம் தாங்காது. இன்னொரு பலவீனம் விலை. 1,500 பேர் வருவார்கள், முதல் வகைச் செலவு 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 40 டாலர் அதற்கே போய்விடும், தண்ணீர் பாட்டிலுக்குக்கூட ஒன்றும் மிஞ்சாது. நான்கு பேர் கொண்ட குடும்பம் 160 டாலர் கட்டித் தன் வீட்டுக்குப் பக்கத்துச் சாலையில் ஓட்ட வேண்டுமா என்று யோசிக்கும். யோசிக்காமல் கட்டுபவர்கள் விலை உயர்ந்த கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர்களாகவே இருப்பார்கள். ஆற்றோரத்தில் உணவகங்களில் வேலை செய்து, பழைய சைக்கிளில் நள்ளிரவில் வீடு திரும்புகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்கள் இல்லாத ஒரு சைக்கிள் நாளை நடத்த நான் நேரம் செலவிட விரும்பவில்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்து நான் மன்றத்துக்குச் சொல்வது இது. முதல் வகைச் செலவைப் பதிவுக் கட்டணமும், நகராட்சி காவலர்களின் நேரத்தைச் சலுகையில் தருவதற்கான எழுத்து உடன்பாடும் தாங்க வேண்டும். அந்த உடன்பாடு கையில் வரும்வரை வேறு எதையும் அறிவிக்கக் கூடாது. வங்கியின் பணத்தை ஏற்கலாம். ஆனால் அது இல்லாமற்போனாலும் சாலை மூடப்படும் என்ற நிலையில்தான் ஏற்கலாம். முதல் ஆண்டுப் பணத்தில் ஒரு பகுதி, காற்றோ மழையோ வந்து ரத்தானால் ஈடுகட்டும் இருப்பாக ஒதுக்கப்பட வேண்டும். மீதி, கட்டணம் கட்ட முடியாதவர்களின் இடங்களுக்கும், குழந்தைகளின் தலைக்கவசங்களுக்கும், அவற்றுக்குப் பிறகுதான் பந்தலுக்கும் இசைக்கும் போக வேண்டும். ஸ்பான்சர் விலகும் ஆண்டில் இசை நிற்கட்டும், சாலை சைக்கிள்களுக்குத் திறந்திருக்கட்டும்.

பெயர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. பயணத்தின் பெயர் ஆற்றின் பெயராகவே இருக்க வேண்டும். வங்கியின் பெயர் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும், எண் அட்டையின் கீழ் ஓரத்திலும் இருக்கலாம். நாம் மூடச் செய்யும் சாலை நமக்குச் சொந்தமானதன்று. ஊரார் நான்கு மணி நேரம் விட்டுக்கொடுத்தது. நமக்குச் சொந்தமில்லாத ஒன்றின் பெயரை நாம் விற்க முடியாது என்பதே என் நியாயம். இதனால் வங்கி தொகையைக் குறைக்கும் என்று பொருளாளர் எச்சரித்தார். குறைக்கட்டும் என்றே நினைக்கிறேன். குறைந்த தொகையால் பந்தல்தான் சிறியதாகும்.

ஒப்பந்த வரைவில் யாரும் அதிகம் பேசாத ஒரு வரியையும் சொல்ல வேண்டும். பதிவு செய்பவர்களின் மின்னஞ்சல், தொலைபேசி எண், பிறந்த தேதி ஆகியவை வங்கியோடு பகிரப்படும் என்று ஆறாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால் மொத்த ஒப்பந்தத்தில் வங்கிக்கு மிக மதிப்புள்ள வரி அதுதான். பதாகையைப் பார்த்தவர் மறந்துவிடுவார். 1,500 பேரின் முகவரிப் பட்டியல் ஆண்டு முழுவதும் கடன் அட்டை விற்க உதவும். சைக்கிள் ஓட்ட வந்தவர் அதற்குச் சம்மதித்து வரவில்லை. அந்த வரி நீங்காவிட்டால், மற்ற எல்லா நிபந்தனைகளும் நமக்குச் சாதகமாக இருந்தாலும் கையெழுத்திட வேண்டாம் என்பது என் பரிந்துரை.

கால வரையறை மூன்றாண்டு இருக்கலாம், விலகுவதாக இருந்தால் இரு தரப்பும் பன்னிரண்டு மாதத்துக்கு முன் சொல்ல வேண்டும். ஆற்றோரத்தின் சிறு கடைகளிடம் பணமாக வாங்காமல் பொருளாக வாங்கலாம்: சைக்கிள் கடைக்காரர் காலை ஐந்தரை மணிக்கு டயர்களுக்குக் காற்று அடித்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார், ரொட்டிக் கடை முடிவிடத்தில் காப்பி தருகிறது. கார் விற்பனையகம் ஒன்றும் ஆதரவு தர முன்வந்தது. நன்றி சொல்லி மறுக்கலாம் என்று எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் இந்த அறிக்கையோடு வங்கிக்கு அனுப்ப வேண்டிய பதில் கடிதத்தின் வரைவையும் வாசிக்கிறேன். அதில் ஆறாம் பக்கத்து வரி அடிக்கப்பட்டிருக்கும், பயணத்தின் பெயர் எழுதப்பட்ட இடத்தில் ஆற்றின் பெயர் மட்டும் இருக்கும்.